பதினேழாம் எண்ணின் நிமிடங்கள்

ஜூலை 7, திங்கள்

இந்த வாரப் பட்டியலையும் நூலகக் கதவில் ஒட்டியாயிற்று. ஏழாம் வகுப்பு, நாற்பத்தோரு பேர். வருகை எண், பெயர், டேப்லெட்டில் படித்த நேரம், கடைசியில் ஒரு வண்ணப் புள்ளி. வயதுக்கேற்ற புத்தகம் படித்தால் பச்சை. கொஞ்சம் கீழே என்றால் மஞ்சள். சின்னக் குழந்தைகள் புத்தகம் என்றால் சிவப்பு. புள்ளி வைத்தது என் யோசனை. எங்கள் தலைமையாசிரியை, எச்.எம்., நின்று பார்த்துவிட்டு "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு டேப் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பிள்ளைகள் தங்கள் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போவார்கள். யார் எதை எத்தனை நிமிடம் படித்தார்கள் என்பது சாயங்காலம் என் மேசைக் கணினிக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாகப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது 'படிச்சியா, சும்மா புரட்டினியா?' என்று முழியைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். இப்போது அந்தச் சிரமம் இல்லை.

இந்த வாரம் முதலிடம் பதினேழாம் எண். ஒன்பது மணி நாற்பது நிமிடம். யாரென்று பார்த்தால் — நம்ம முணுமுணு! உதடு அசையாமல் படிக்கத் தெரியாத, கேட்டாலொழிய வாய் திறக்காத பெண். அதுவும் சிவப்புப் புள்ளி. சிவப்பில் இருக்கிறவள் வகுப்பிலேயே அதிகம் படிக்கிறாளாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூலக வகுப்பு வாரத்துக்கு நாற்பது நிமிடம். மதிய இடைவேளை தினம் அரை மணி. பள்ளி விட்டபின் தினம் முக்கால் மணி. எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏழு மணி நேரம் வராது. டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது, எண்ணி வைத்துப் பூட்டுகிறவளே நான்தான். மிச்ச நேரம் எங்கிருந்து வந்தது?

ஜூலை 8, செவ்வாய்

ஏழாம் வகுப்புக்கு இன்று பாடம்: திரையில் வருவதையெல்லாம் நம்பலாமா? நானே ஒரு அறிவிப்பு தயார் செய்து டேப்பில் ஏற்றியிருந்தேன். 'குடிநீர்க் குழாய் பழுது காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை.' மேலே பள்ளி முத்திரை. வேண்டுமென்றே போன வருடத் தேதி. திறந்ததும் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார். வகுப்புத் தலைவன் பையை மாட்டிக்கொண்டே எழுந்துவிட்டான். அவனுக்கு நான் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை.

"உக்காருடா. இதை யார் எழுதினது? எப்போ எழுதினது? வேற எங்கேயாவது இதே சேதி இருக்கா?"

"முத்திரை இருக்கே மிஸ்!"

"முத்திரையை நான்தான் ஒட்டினேன். ரெண்டு நிமிஷ வேலை."

எல்லோரும் அசடு வழிந்தார்கள். பின்வரிசையிலிருந்து முணுமுணு எழுந்து, "மிஸ், தேதி போன வருஷத்துதுன்னு போட்டிருக்கு" என்றாள்.

நாற்பத்தோரு பேரில் அவள் ஒருத்திதான் அதைப் பார்த்தாள். சபாஷ் என்றேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது. யானைக் கதை படிக்கிறவளுக்கு இது எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்களோ?

ஜூலை 9, புதன்

கம்ப்யூட்டர் சார் நூலகத்துக்குள் வந்து சுவரில் எத்தனை பிளக் பாயிண்ட் என்று எண்ணிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த அறை மேல் கண்ணா?

ஜூலை 11, வெள்ளி

மதிய இடைவேளை முழுக்க முணுமுணுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் டேப் இல்லை. தடியாக ஒரு அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காட்டுவதற்காகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய புத்தகம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

சாயங்காலம் கணினியைப் பார்த்தால், பதினேழாம் எண்ணில் மதியம் மட்டும் ஒன்றரை மணி நேரம். அரை மணி இடைவேளையில் ஒன்றரை மணி நேரம்! அப்படியென்றால் ஒரே நேரத்தில் மூன்று டேப்பாவது அவள் பெயரில் ஓடியிருக்கிறது. ஆள் வைத்து நிமிடம் ஏற்றுகிறாள். மாதக் கடைசியில் முதலிடத்துக்கு பேட்ஜ் உண்டே, அதற்குத்தான்.

ஜூலை 14, திங்கள்

வீட்டில் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எதற்கும் பதறமாட்டார்.

"பன்னெண்டு வயசுப் பொண்ணு பேட்ஜுக்கு ஆள் வெக்குதா? ஏன் சி.ஐ.டி. அம்மா, உன் கண்ணுக்குப் பவர் ஜாஸ்தி ஆயிடுச்சு. கடைக்கு வா, செக் பண்ணிடலாம்."

"சிரிக்காதீங்க. ஆதாரம் இருக்கு."

"ஆதாரம் இருக்கட்டும். அந்தப் பொண்ணைக் கேட்டியா?"

கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வாள். இது இவருக்குப் புரியாது.

ஜூலை 16, புதன்

முணுமுணு இன்று வரவில்லை. காய்ச்சலாம். பதினேழாம் எண்ணில் இரண்டு மணி ஐந்து நிமிடம்.

மாட்டிக்கிட்டா.

ஜூலை 17, வியாழன்

இரண்டாவது பீரியடில் கூப்பிட்டனுப்பினேன். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"நேத்து நீ ஸ்கூலுக்கே வரலை. உன் நம்பர்ல ரெண்டு மணி நேரம் யாரு படிச்சது?"

சடை நுனியைத் திருகினாள்.

"பாஸ்வேர்டை யார்கிட்ட கொடுத்தே?"

"யார்கிட்டயும் கொடுக்கலை மிஸ்."

"அப்போ பேய் வந்து படிச்சுதா?"

"கொடுக்கலை மிஸ். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியுமாம்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெத்த அம்மாகிட்டகூட பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாதுன்னு மூணு வகுப்பு எடுத்திருக்கேன். என் முகத்துக்கு நேரா எல்லாருக்கும் தெரியுங்கிறா! யார் யார் என்று கேட்டேன். தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. கல்லுளிமங்கி. மணி அடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

ஜூலை 18, வெள்ளி

எச்.எம்.மிடம் போனேன். பட்டியல், கணக்கு, காய்ச்சல் நாள் எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதை இப்பவே கிள்ளிடணும் மேடம். விட்டா நாளைக்கு எல்லாரும் ஆரம்பிச்சிடுவாங்க."

முடிவு: பதினேழாம் எண் மூடப்படும். வருடக் கடைசி வரை அவள் நூலகத்துக்குள் வரக் கூடாது. வீட்டுக்குக் கடிதம். நடத்தைப் பதிவேட்டில் 'ஏமாற்றுதல்' என்று ஒரு குறிப்பு. குறிப்பின் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

திருப்தியாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், திருப்தியாகத்தான் இருந்தது.

ஜூலை 21, திங்கள்

முணுமுணுவின் அம்மா வந்தார். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"போன வருஷம் வாரத்துக்கு ரெண்டு நாள் வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குவா மிஸ். இந்த வருஷம் நான் எழுப்பறதுக்கு முன்னாடி கிளம்பி நிக்கிறா. எல்லாம் இந்த லைப்ரரிக்காகத்தான். அவளை வெளியில நிக்க வைங்க, நூறு தடவை எழுதச் சொல்லுங்க. இதை மட்டும் எடுத்துடாதீங்க."

"அவ நம்பர்ல படிச்சது யாருன்னு சொல்லச் சொல்லுங்க. இன்னைக்கே உள்ள விடச் சொல்றேன்."

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கிறா. அடிச்சே கேட்டுட்டேன். 'சொன்னா அப்புறம் அவங்க படிக்க மாட்டாங்கம்மா'ங்கிறா."

இதென்ன புதுக் கதை? அம்மாவுக்கும் சேர்த்தே தயார் பண்ணி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். விதிமுறை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அம்மா வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் மகள் பெயரை விரல் வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 22, செவ்வாய்

முணுமுணு பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலியாம்.

ஜூலை 23, புதன்

இன்றும் வரவில்லை.

இன்னொரு விஷயம். மதிய இடைவேளையில் டேப்புக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தைக் காணோம். ஒலிபெருக்கியும் அவன் கூட்டாளிகளும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டில் ஒன்பது டேப் சும்மா கிடந்தன. எல்லோரும் சேர்ந்து எனக்குப் பாடம் கற்பிக்கிறார்களா? நல்லது, வராமல் போகட்டும். யாருக்கு நஷ்டம்?

'சொன்னா அப்புறம் அவங்க படிக்க மாட்டாங்க.' வேலைக்கு நடுவில் இதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூலை 25, வெள்ளி

கம்ப்யூட்டர் சார் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். டேப்புகளைச் சிக்கல் இல்லாமல் சார்ஜ் போட அவரே செய்தது. பிளக் எண்ணியது இதற்காம்! எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மூடின கணக்கின் உள்விவரத்தைப் பார்க்க வழி உண்டா என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்தார். முதல் கேள்வியே: "பாஸ்வேர்டெல்லாம் எப்படி வெச்சீங்க மேடம்?"

"வகுப்பு, அப்புறம் வருகை எண். எனக்கு மறந்துடக் கூடாதுன்னு."

"எல்லாருக்கும் அப்படியேவா? அப்போ இதை யாரும் யாருக்கும் கொடுக்க வேணாமே. அட்டெண்டன்ஸ் எடுக்கறதைக் காதால கேட்டாப் போதும்."

கொடுக்கலை மிஸ், எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

விவரம் திறந்தது. இத்தனை நாள் நிமிடத்தை மட்டும்தானே பார்த்தேன், எந்தப் புத்தகம் என்று ஒரு தடவைகூடக் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. எல்லாம் பக்கத்துக்கு இரண்டு வரி இருக்கிற புத்தகங்கள். ஒரே புத்தகம் ஒரே நேரத்தில் நான்கு டேப்பில். ஒன்று மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது, ஒன்று ஆறாம் பக்கத்தில். அடுத்த நாள் அதே பக்கத்திலிருந்து தொடங்குகிறது. பக்கத்தின் கீழே வரும் கேள்விக்குத் தப்பான பதில், மறுபடி தப்பு, மறுபடி, அப்புறம் சரி. நிமிடம் ஏற்றுகிறவன் எதற்குப் பதில் சரியாகிற வரை போராடுகிறான்?

கடைசியில் ஒரு வரி இருந்தது. பதினேழாம் எண், வாசிப்பு நிலை ஒன்று, நிர்ணயித்தவர் நூலகர். அதற்கு மேற்பட்ட எந்தப் புத்தகமும் அவளுக்குத் திறக்காது. மற்ற நாற்பது பேருக்கும் நிலை ஏழு. நான்தான் போட்டிருக்கிறேன். நாற்பத்தோரு பேரை ஒரே மூச்சில் பதிந்தபோது கை எங்கேயோ தவறியிருக்கிறது. அந்தப் பெண் முதல் வாரமே மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், எனக்கு மட்டும் யானைக் கதையா வருது" என்றாள். "வர்றதைப் படி, போ" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

ஒலிபெருக்கியின் கணக்கைப் பார்த்தேன். நிலை ஏழு, பச்சைப் புள்ளி. ஆனால் இரண்டு விநாடிக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. யாரால் அப்படிப் படிக்க முடியும்?

பள்ளி விட்டதும் அவனை மட்டும் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். ஒரு புத்தகத்தைக் கொடுத்து முதல் பத்தியைப் படிக்கச் சொன்னேன். கம்பீரமாக ஆரம்பித்தான். முதல் இரண்டு வார்த்தை சரி. பிறகு அவன் சொன்னது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை கட்டிக்கொண்டிருந்தான். நான் குறுக்கிடவில்லை. அவனே நிறுத்தினான். எட்டுத் தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ.

"என் நம்பர்ல சின்ன புக்கு எடுத்தா சிவப்பு வந்துடும் மிஸ். என் தம்பி ரெண்டாவது படிக்கிறான். தினம் அந்தக் கதவுல என் பேரைத் தேடி, பச்சைன்னு எல்லாருக்கும் காட்டுவான்."

"இன்னும் எத்தனை பேருடா?"

"என்னோட சேர்த்துப் பதினோரு பேர்."

"உங்களுக்கு அவ ஏன் கொடுத்தா?"

"அவ கொடுக்கலை மிஸ், நாங்களா எடுத்தோம். ஒரு நாள் கண்டுபிடிச்சிட்டா. மிஸ்கிட்ட சொல்லிடுவான்னு பயந்தோம். அவ என்னடான்னா, 'எனக்குத்தான் ஏற்கெனவே சிவப்பு இருக்கே, என் நம்பர்லயே படிச்சுக்கோங்க'ன்னுட்டா. தெரியாத வார்த்தை வந்தா பக்கத்துல வந்து சொல்லியும் கொடுப்பா."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவளை மறுபடி உள்ள விடுவீங்களா மிஸ்?"

அடிப்பாவி. என்னைத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் முகம் பார்த்துக் கண்டுபிடித்தேனாம்! என் கண்ணெதிரே பதினோரு பிள்ளைகள் ஏழாம் வகுப்பு வரை வாயால் சமாளித்து வந்திருக்கிறார்கள், ஒருத்தனைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை. படிக்க ஆசைப்பட்டு ஒளிந்து ஒளிந்து படித்தார்கள். ஒளிய வைத்தது என் புள்ளி. அதற்கும் கதவைச் சாத்திவிட்டேன்.

கதவிலிருந்த பட்டியலைக் கிழித்தேன். பசை சரியாகப் போகவில்லை. தண்ணீர் போட்டுச் சுரண்ட வேண்டியிருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

எச்.எம்.மிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பெயர்களைத் தவிர.

"ரொம்ப நல்லது. அந்தப் பதினோரு பேரையும் எழுதிக் கொடுங்க. அவங்க வீட்டுக்கு லெட்டர் போகட்டும். இவ குறிப்பை அடிச்சிடலாம்."

"பெயர் எதுக்கு மேடம்? படிக்கத்தானே செஞ்சாங்க."

"அடுத்தவங்க நம்பர்ல. நீங்கதானே அதைத் தப்புன்னு பாடம் எடுக்கறீங்க?"

நாளை மறுநாள் வரை அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன். பெயர் கொடுத்தால் முணுமுணுவுக்கு நூலகம் திறக்கும். பதினோரு பேர் இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். கொடுக்காவிட்டால் அவள் சுருண்டு படுத்துக்கிடப்பாள். ஆறு நாளாயிற்று அவள் பள்ளிக்கு வந்து. அவள் வாய் திறந்திருந்தால் ஒரே நிமிடத்தில் தப்பியிருப்பாள். திறக்கவில்லையே! அவள் காப்பாற்றினதை நான் எழுதிக் கொடுக்கவா?

ஜூலை 31, வியாழன்

கடிதம் கொடுத்துவிட்டேன். வாசிப்பு நிலையைத் தவறாகப் பதிந்தது நான். யாரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை வைத்ததும் நான். எனவே யார் எந்த எண்ணில் படித்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மாணவி மேல் குற்றமில்லை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய், தெரிந்தே எழுதினது.

எச்.எம். படித்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். "உங்களுக்கு மெமோ வரும்."

"தெரியும் மேடம்."

"உங்களுக்கா கண்டுபிடிக்கத் தெரியாது? நம்பற மாதிரி இல்லையே. யாரையோ மறைக்கறீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மெமோ வந்தது. நடத்தைப் பதிவேட்டில் முணுமுணுவின் குறிப்பை அடித்து எச்.எம். கையெழுத்துப் போட்டார். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலம் நேராக லாண்டரிக்கே போனேன்.

அம்மா இஸ்திரியை நிறுத்தவே இல்லை. முணுமுணு மடித்த சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அடையாளச் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். "என் தப்பும்மா. நீ சொன்னதை நான் காதுலயே வாங்கலை. மன்னிச்சுக்கோ" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் இதைச் சொன்னதில்லை.

"சரி மிஸ்."

அவ்வளவுதான். அந்த அம்மா மட்டும், "நாளைக்கு அனுப்பறேன்" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வந்தாள். நூலக வகுப்பில் கதவோரமாக உட்கார்ந்தாள். நானே டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"புது நம்பர், புது பாஸ்வேர்டு. நீயே வெச்சுக்கலாம், எனக்குக்கூடத் தெரியாது. பட்டியலும் இனிமே கிடையாது."

டேப்பைத் தொடவில்லை. "நான் என்ன படிக்கிறேன்னு உங்க கம்ப்யூட்டர்ல வருமா மிஸ்?"

பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம்தானே ஒன்று சொன்னேன். இவளிடம் முடியவில்லை.

"வரும்."

"அப்போ வேணாம் மிஸ்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எல்லா நிலைப் புத்தகமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சார் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். பள்ளி விட்டதும் கதவைச் சாத்தி அரை மணி வாசிப்பு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி வைத்தேன். முதல் நாள் யாரும் வரவில்லை. நேற்று ஒலிபெருக்கி. இன்று நான்கு பேர். ஒலிபெருக்கி ஒரு பக்கம் முழுக்கப் படித்துவிட்டு, "மிஸ், முடிச்சிட்டேன்!" என்று போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். திட்ட வாயெடுத்துச் சிரித்துவிட்டேன்.

முணுமுணு மட்டும் டேப் பக்கம் போவதில்லை. என் மேசைப் பக்கமும் வருவதில்லை. புத்தகம் எடுத்துப்போக வேண்டுமென்றால் என்னிடம் வந்து பதிய வேண்டுமே. அதனால் எடுத்துப்போவதே இல்லை. அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டே படிக்கிறாள். மணி அடித்தால் வைத்துவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டில் அவரிடம் சொன்னேன்: "அந்தப் பொண்ணு என்னை நம்ப மாட்டேங்கிறா."

"நீ நம்பினியா?" என்றார். சாப்பாட்டில் கைவைத்தபடியே, சாதாரணமாக.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதிய இடைவேளை முடிகிற நேரம். எல்லோரும் போய்விட்டார்கள். நான் டேப்புகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தது: முணுமுணு சுற்றும் முற்றும் பார்த்தாள், ஒரு புத்தகத்தைப் பையில் போட்டு மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பதிவேட்டில் எழுதவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் பதியாமல் ஒரு புத்தகம் இந்தக் கதவைத் தாண்டினதில்லை. என் வாய்வரை வந்துவிட்டது.

டேப்புகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். அதை இங்கேகூட எழுதப்போவதில்லை.